எழுந்து நின்ற லூன் பறவை

பட்டிமன்ற மேடையில் எதிரணியை மூன்றே வாதங்களில் அமர வைக்கக்கூடியவன் நான். இதைத் தன்னடக்கமின்றியே எழுதுகிறேன். ஆயினும் கடந்த யூலையில், மொன்றியலுக்கு வடக்கே இரண்டு மணிநேரக் கார்ப்பயணத் தொலைவிலுள்ள ஒரு சிறு ஏரியில், அக்காவிடம் தோற்றேன்.

அக்கா மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள மருத்துவமனை ஒன்றில் நோயாளர் பராமரிப்பு வேலை செய்பவள். அம்மாதத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே ஓய்வு ஞாயிறு அது. நூலகத்தின் புகைப்படக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப மறுநாளே கடைசி நாள். அவள் தேடியது, குஞ்சை முதுகில் சுமந்து நீந்தும் லூன் பறவையை. நம் கனடிய ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் அதே நீர்ப்பறவை.

"டேய், தோணியிலை வாய் திறக்கப்படாது," என்றாள்.

"நான் எப்ப கதைச்சனான்?"

"காரிலை, ரெண்டு மணித்தியாலமா."

நாணற்கரையோரம் இரண்டு பெரிய பறவைகளும் ஒரு பழுப்புக் குஞ்சும் தெரிந்தன. படம் தெளிவாக விழட்டும் என்று மேலும் நெருங்கத் துடுப்பு வலித்தேன். குஞ்சு நாணலுக்குள் ஒதுங்கியது. ஒரு பறவை நீர்மேல் நிமிர்ந்தெழுந்து, வெண்ணெஞ்சைக் காட்டி, சிறகுகளை அடித்தபடி நின்றது. கைபேசியில் உடனே படம்பிடித்தேன்.

"எடு அக்கா! என்ன கம்பீரம்!"

அக்கா கமராவைத் தாழ்த்திவிட்டாள். "தோணியைப் பின்னுக்கு எடு. அது பயந்துபோய் எங்களைக் கலைச்சுத் துரத்துது."

"பயமோ? நிமிந்த நெஞ்சு, விரிச்ச கை. நான் மேடையிலை நிக்கிற மாதிரியெல்லோ நிக்குது!"

"ஏன், நீ மேடையிலை பயந்து நிக்கிறேல்லையோ?"

தோணியைப் பின்னெடுத்தேன். ஏரியின் நடுப்பகுதிக்கு நாங்கள் வந்தபிறகே பறவை அமர்ந்தது. குஞ்சும் நாணலிலிருந்து வந்து அதன் முதுகில் ஏறியது. அக்கா அங்கிருந்தே எடுத்தாள். அவள் படத்தில் பறவை விரலளவு. குஞ்சு ஒரு பொட்டு.

திரும்பும் வழியில் என் படத்தைக் காட்டினேன். "இதை அனுப்பு. கண்காட்சிக்குக் கட்டாயம் எடுப்பினம்."

"எடுப்பினம்தான். ஆனா இது நாங்கள் வெருட்டின படம். நான் அனுப்பமாட்டன்."

அன்றிரவே தன் படத்தை அனுப்பினாள். அது தேர்வாகவில்லை. கண்காட்சிக்கு இருவரும் போனோம். அங்கே மாட்டியிருந்த எந்தப் பறவைப் படத்தையும்விட என்னுடையது சிறந்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அதை வேறு எவருக்கும் நான் காட்டியதில்லை.