நைலோன் நூலில ஓடின ஸ்டியரிங்

டிகிரி முடிச்சிட்டு நிலாவெளி ஹோட்டல் ஒண்டில, ஏறி இருந்து புல்லு வெட்டுற மெஷின் ஓட்டுறனான். ஒருநாள் ஸ்டியரிங்கைச் சுத்தினா முன்சில்லு திரும்பேல்லை. குனிஞ்சு பாத்தா, ஸ்டியரிங் கம்பியைச் சில்லோட பூட்டுற இரும்புப் பின் உப்புக்காத்தில உக்கி விழுந்திட்டுது. புதுசு வாங்கக் கடைக்குப் போகப் பஞ்சி, சோம்பல். கடற்கரையில கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்த ராசண்ணையிட்ட நைலோன் நூல் வாங்கிக் கட்டினன். சுறாவையே இழுக்கிற நூல்தானே.

கரைப் பக்கச் சரிவில இறங்கேக்க நூல் அறுந்திட்டுது. மெஷின் நேரா ராசண்ணையின்ர முதுகுக்குப் போகுது, அடியில பிளேடு சுத்துது. கத்தினன், மெஷின் சத்தத்தில அவருக்குக் கேக்கேல்லை. பிரேக்கில ஏறி நிண்டன். ஈரப்புல்லில வழுக்கிப்போய் ஒரு சாண் தள்ளி நிண்டுது.

அவர் திரும்பிப் பாத்திட்டு, "இதுக்கோ தம்பி நூல் கேட்டனீங்கள்?" எண்டார்.

இப்ப பொக்கெற்றில எப்பவும் ஸ்பெயர் பின் ஒண்டு கிடக்கு. சமதரையில சில்லு ரெண்டு பக்கமும் திரும்புதோ எண்டு பாத்துத்தான் ஓட்டுறன். ராசண்ணையும் இப்ப என்ர பக்கம் பாத்துத்தான் வலை பொத்துறார்.