அப்பா சுட்ட சிலுவை ரொட்டி

புளித்த மோர் பட்டதும் ஆப்பசோடா கலந்த மைதா மெல்லப் பொங்கி ஒரு வாசனை விடுமே, அந்த வாசனையில்தான் எங்கள் அப்பா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு எங்களுடையது. அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஆட்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் தராமல் முதலாளி கைவிட்டதால் அவருடைய கப்பல் அயர்லாந்தின் ஒரு சிறு துறைமுகத்தில் மாதக்கணக்கில் கட்டிக் கிடந்தது. ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தவர் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். 'கப்பல்காரரு' என்று பெருமையாகக் கூப்பிட்ட தெருவே, 'மன்சன் பேஜாராயிட்டாரு' என்று அவர் காதுபடச் சொன்னது. நானும் தம்பியும் சத்தமில்லாமல் சண்டை போடக் கற்றுக்கொண்டோம்.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் பூசை முடிந்து வந்தால், அப்பா ஸ்டவ் அருகே குந்தியிருந்தார்.

"புளிச்ச மோரு கீதா?"

"கீது. இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா, நம்ப முடியாமல்.

"ரொட்டி சுடணும்."

ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது. மாவை அதிகம் பிசையாமல் உருட்டி, கத்தியால் மேலே ஆழமாகச் சிலுவை கீறி, இரும்புச் சட்டியில் காய்ந்துகொண்டிருந்த மணல்மேல் தட்டோடு இறக்கி மூடினார்.

"அந்த ஊர்ல ஒரு டீச்சரம்மா வாரா வாரம் இத்த சுட்டு எடுத்துகினு கப்பலாண்ட வரும். சிலுவ போட்டா உள்ள கீற பிசாசு வெளிய பூடுமாம்."

"அப்ப உன்னாண்ட கீறதும் சேந்து போவட்டும்யா" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. பிறகு, குளிருக்கு எல்லாச் சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டது, குழாயில் தண்ணீர் நின்றுபோனது, கடிதம் எழுத வெட்கப்பட்டது என்று ரொட்டி வேகும்வரை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார். அடி கருகி, நடு வேகாமல் இருந்த அந்த ரொட்டியை நெத்திலிக் குழம்பில் தோய்த்து மிச்சமின்றித் தின்றோம். அடுத்த மாதமே திருவொற்றியூரில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில் அப்பா வேலைக்குச் சேர்ந்தார்.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது; ஸ்டவ்வும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா காலடிப்பேட்டையில் என்னோடு இருக்கிறார். தம்பி கப்பலுக்குப் போகிறேன் என்றபோது நான்தான் தடுத்தேன், அப்பா தடுக்கவில்லை.

என் பேச்சைக் கேட்காமல் கிளம்பிய தம்பி, போன வாரம் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டான். மோர் இல்லாததால் பாலில் எலுமிச்சை பிழிந்து ரொட்டி சுட்டானாம். அப்பா போனை வாங்கி, நன்றாக வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

"எல்லாரும் துன்னாங்களாடா?" என்றார்.

"எல்லாரும்தாம்பா."