அளக்காமல் எழுதிய எண்

திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்தக் குடியிருப்பு. நான்கு மாடி, பதினாறு வீடுகள். பெரும்பாலும் துறைமுகத்திலும் கன்டெய்னர் யார்டுகளிலும் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள். அங்கே வீடுகளின் ஒயரிங்கைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் வேலையை ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். அவரிடம் நான் ஒயர்மேன். மீட்டரைப் பிடிப்பதும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் எர்த் பாதையின் மின்தடை எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். ஃபிரிட்ஜோ கிரைண்டரோ பழுதாகி அதன் இரும்பு உடம்பில் கரன்ட் ஏறினால், அது எர்த் கம்பி வழியாக ஓடி ஃபியூஸை எரித்துவிட வேண்டும். பாதையில் தடை குறைவாக இருந்தால்தான் அது நடக்கும். அந்தத் தடையைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி. மெயினை அணைத்து, போர்டில் லைன் கம்பியையும் எர்த் கம்பியையும் ஒன்றாக முடிந்து, பிளக் பாயின்டில் மீட்டரை வைத்து அளப்பது ஒன்று. கம்பியின் தடிமனையும் நீளத்தையும் வைத்துக் கணக்குப் போடுவது இன்னொன்று. கணக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். ஆனால் கம்பி எங்கும் அறுந்திருக்காது என்று நம்பித்தான் அந்தக் கணக்கே தொடங்குகிறது.

நான் போன காலையில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வீடுகளின் மெயின் சுவிட்சுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. அளப்பதானால் கீழே இருக்கும் பெரிய சுவிட்சை அணைத்துக் கட்டடம் முழுவதையும் நிறுத்த வேண்டும். மோட்டார் நின்றால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது என்று பெண்கள் கூடிவிட்டார்கள். கீழ்வீட்டில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். அவருடைய மருமகள் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் கான்ட்ராக்டருக்கு போன் செய்தேன்.

“மாமு, மெயினைப் புடிச்சிகினு பேஜாரு பண்ணாத. கணக்கு போட்டு எழுதிகினு வா. ரூல்ல அத்த ஒத்துக்குறாங்க” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன்.

மூன்றாவது மாடியில் முப்பது வயதுக்குள் ஒரு பெண். கணவர் துறைமுகத்தில் கப்பலில் கன்டெய்னர்களைக் கட்டும் வேலைக்குப் போயிருந்தார். நான் சுவரோரம் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் அருகில் வந்து நின்றாள்.

“அண்ணா, ஃபிரிட்ஜைத் தொட்டா சுர்ருனு கீது. இன்னான்னு கொஞ்சம் பாருங்கண்ணா” என்றாள்.

டெஸ்டரை ஃபிரிட்ஜின் கதவில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. எர்த் ஒழுங்காக இருந்தால் அது எரியாது. அது எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாகத் தெரியும். ஆனால் அன்று இன்னும் ஏழு வீடுகள் பாக்கி இருந்தன. பழைய ஃபிரிட்ஜ்மா, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதுவரைக்கும் செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கள் என்று சொன்னேன். பிறகு சமையலறை மேடையில் படிவத்தை வைத்து, பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டு, 0.23 ஓம் என்று எழுதினேன்; நல்ல எர்த்துக்கான எண் அது. அவள் கொடுத்த டீயையும் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து நல்ல மழை. அவளுடைய கணவர் வேலை முடிந்து தொப்பலாக நனைந்து வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் காலோடு உள்ளே போய், நேற்று வைத்த மீன் குழம்பை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறார். பிடித்த கையை அவரால் விட முடியவில்லை. அவள் துடைப்பக்கட்டையால் அவர் கையைத் தட்டி விடுவித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செய்தி கேள்விப்பட்டு மறுநாள் காலை நான் மீட்டரோடு அங்கே போனேன். யாரும் கூப்பிடவில்லை. இந்த முறை பெரிய சுவிட்சை அணைக்க யாரும் தடை சொல்லவில்லை. பெரியவரை ஆக்சிஜன் மெஷினோடு பக்கத்துக் கட்டடத்துக்கு வீட்டுக்காரர்களே தூக்கிப் போனார்கள். போர்டில் கம்பிகளை முடிந்துவிட்டு, அந்தப் பிளக் பாயின்டில் மீட்டரை வைத்தேன். எண் எதுவும் வரவில்லை. பாதையே இல்லை. உத்தரத்துக்குக் கீழே இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எர்த் கம்பியின் முறுக்கு பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. வருடக்கணக்காக அது அப்படித்தான் இருந்திருக்கும்.

விசாரணைக்கு மின்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கான்ட்ராக்டர் என்னை எதுவும் பேசவேண்டாம் என்றார். நான் பேசினேன். அளக்கவில்லை, கணக்குப் போட்டேன், ஃபிரிட்ஜ் சுர்ரென்கிறது என்று அந்தப் பெண் சொல்லியும் கணக்குப் போட்டேன் என்றேன். அதிகாரி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“கணக்குல தப்பு ஒண்ணும் இல்லையே. அளக்க முடியாத இடத்துல கணக்குப் போடலாம்னுதான் இருக்கு. உங்க மேல குத்தம் எழுத எனக்கு வழியில்லை” என்றார்.

ஃபிரிட்ஜின் பழுதால் நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். என் அறிக்கை இன்றுவரை திருத்தப்படவில்லை. அந்த வீட்டின் எர்த் பாதை, கோப்பில், நல்ல நிலையில் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவளைப் பார்க்கப் போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“அன்னிக்கி நீங்க அளந்தீங்களாண்ணா?”

“இல்லம்மா. கணக்கு போட்டு எழுதிட்டேன்.”

“அளந்திருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்மா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு என்று, அவர்தான் கேட்கவில்லை என்றாள். குற்றத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அதற்கப்புறம் அவள் வியாசர்பாடியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மற்ற வீடுகளை அளந்தேன். ஐந்து வீடுகளில் எர்த் இல்லை. குடியிருப்போர் சங்கத்தில் போய்ச் சொன்னேன். கம்பி ஓடும் குழாய்கள் சுவருக்குள் நசுங்கிக் கிடப்பதால் புதுக் கம்பி இழுக்க முடியாது, சுவரை உடைத்துத்தான் போட வேண்டும் என்றேன். எப்படியும் கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள், இப்போது எதற்கு உடைப்பது என்றார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று பல வருடமாகப் பேச்சு. கரன்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை நிறுத்திவிடும் சுவிட்சையாவது மாட்டலாம் என்றேன். இரண்டு வீட்டில் மாட்டினேன். சுவரில் ஈரம் ஊறிக் கரன்ட் கசிந்ததால், மழை பெய்யும்போதெல்லாம் அது விழுந்தது. விளக்கு இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்கள்? அடுத்த முறை போனபோது அதைத் தாண்டிக் கம்பி போட்டு நேராக இணைத்திருந்தார்கள்.

மூன்றாவது மாடி வீட்டில் இப்போது வடக்கேயிருந்து வந்து யார்டில் வேலை பார்க்கும் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். போன மாதம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், சுவரைக் காட்டி, தரையைக் காட்டி, எர்த் இல்லை என்று சொன்னேன். மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். சமையலறையில் இன்டக்‌ஷன் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் அரிசி கழுவிய ஈரம்.