எடை போடாத வீடு

கல்லூரியில் அவளை எல்லோரும் செக்ரட்டரி என்றுதான் கூப்பிட்டார்கள். ‘பிளாஸ்டிக்கும் சமுதாயமும்’ என்று மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். அதில் முதல் பரிசு வாங்கியதும், சுற்றுச்சூழல் மன்றத்தின் செயலாளர் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

பிளாஸ்டிக்கைக் கிழிகிழியென்று கிழித்திருந்தாள் கட்டுரையில். ‘தன் வீட்டுக் குப்பையை மறைத்து வைக்கிறவர்களால்தான் ஊர் நாறுகிறது’ என்ற வரியைப் பேராசிரியை வகுப்பில் இரண்டு முறை படித்துக் காட்டினார். அவள் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பதினேழு வயதில் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு நான்கு முறை, வேளைக்கு ஒரு பை மருந்துநீர். வயிற்றிலிருக்கும் பழைய நீர் தரையிலுள்ள காலிப் பையில் வடிய வேண்டும். கொக்கியில் தொங்கும் புது நீர் உள்ளே இறங்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். கிருமிக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசத்தோடு உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பை, குழாய், மூடி, உறை எல்லாம் பிளாஸ்டிக். மாதத்துக்கு நூற்றிருபது பை.

முதலில் இதைத்தான் எழுத உட்கார்ந்தாள். அரைப் பக்கத்தில் நிறுத்திக் கிழித்துப் போட்டாள். எழுதினால் கல்லூரி முழுக்கத் தெரியும். நாளைக்கே ஒருத்தி புத்தகப் பையைத் தூக்கித் தருகிறேன் என்பாள், இன்னொருத்தி மாடிப்படியில் கையைப் பிடிப்பாள். பன்னிரண்டரைக்குக் கல்லூரி விட்டதும் அப்பாவுக்கு உதவி செய்யப் போகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவந்து ஒரு மணி வேளைக்கான மருந்துநீர்ப் பையைப் போட்டுக்கொள்வாள். அவள் வீடு எதுவென்று அங்கே யாருக்கும் தெரியாது.

மன்றத்தில் அடுத்த வேலை ஆரம்பமானது. வீடு வீடாகப் போய் ஒரு வாரத்துப் பிளாஸ்டிக் குப்பையை எடை போட வேண்டும். தெருப் பட்டியலைத் தயாரித்தவளே அவள்தான். தன் தெருவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்திருந்தாள். மழை வந்து ஒரு தெரு தள்ளிப்போக, பேராசிரியை அவளிடம் சொல்லாமலே பட்டியலை மாற்றி, அவள் தெருவை முன்னே கொண்டுவந்துவிட்டார்.

அன்று ஒரு மணிக்குப் பழைய நீர் வடிந்துகொண்டிருந்தது. முன்னறையில் அப்பாவின் தையல் மிஷின் திடீரென்று நின்றது.

“வணக்கம் அங்கிள், காலேஜ்லேருந்து வர்றோம்.”

அது வகுப்பில் அவளுடைய பக்கத்து இருக்கைத் தோழியின் குரல். கதவுக்கு இந்தப் பக்கம் இவள் மூச்சை அடக்கினாள். எழுந்து ஓட முடியாது. குழாயின் ஒரு முனை வயிற்றில், மறுமுனை தரையிலிருக்கும் பையில்.

“நம்ம வீட்டுல பிளாஸ்டிக்கே கிடையாதும்மா. இருக்கிறதெல்லாம் துணிதான். வேணும்னா என்னையே தூக்கி எடை போட்டுக்கங்க,” என்றார் அப்பா.

யாரோ சிரித்தார்கள். “பின்னாடி ரூமைப் பாத்துட்டுப் போயிடறோம் அங்கிள், ரெண்டே நிமிஷம்.”

“பாக்க முடியாதும்மா.”

“ஏன்?”

“முடியாதுன்னா விடேன்மா.”

அப்பா யாரிடமும் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. செருப்புகள் வாசலைத் தாண்டும்போது தோழியின் குரல் தெளிவாகக் கேட்டது. “செக்ரட்டரி எழுதினது சரிதான். மறைக்கிறவங்களாலதான் ஊர் நாறுது.”

நீர் வடிய இன்னும் பாதி இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. கழுவிய கையால் முகத்தைத் தொடக்கூடாது. கதவுக்கு வெளியே நின்று அப்பா சொன்னார்: “போயிட்டாங்க கண்ணு. நீ நிதானமா முடி.”

திங்கட்கிழமை மன்றக் கூட்டத்தில், ஒத்துழைக்காத வீடுகளைச் செயலாளர் படிக்க வேண்டும் என்றார்கள். மூன்றே வீடு. முதல் இரண்டைப் படித்தாள். மூன்றாவது, தையல்காரர் வீடு.

“இது எங்க வீடு,” என்றாள். “உள்ளே இருந்தது நான்தான்.”

தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. குழாய், பை, நூற்றிருபது கணக்கு, எல்லாவற்றையும் வாத்தியார் மாதிரி வரிசையாகச் சொன்னாள். பேராசிரியை கைக்குட்டையை எடுத்தார். பக்கத்து இருக்கைக்காரி நிமிரவேயில்லை.

“மேடம், அந்தக் கட்டுரையை மாத்தி எழுதித் தரவா?”

“அது வர்ற காலேஜ் ஆண்டு மலர் அச்சாயிடுச்சேம்மா. உன் போட்டோவோட. நாளைக்கு எல்லாருக்கும் குடுக்கப் போறோம்.”

“அடுத்த மலர்ல?”

“அடுத்த வருஷம் தலைப்பு வேற.”

கூட்டம் கலைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். தோழி மெதுவாக வந்து அவள் புத்தகப் பையைக் கேட்டாள். அவள் எதற்குப் பயந்தாளோ அதேதான். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். தோழியின் கை பையின் வாரை ஏற்கெனவே பிடித்திருந்தது.

“குடுடி. பஸ் போயிடும்.”

பையை விட்டுக்கொடுத்துவிட்டு, வேகமாக நடந்தாள்.