வரிசையாக ஊட்டிய பால்

யுத்தத்தால் அரிசிக்கு ரேஷன் வந்திருந்த சமயம். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் எனக்குக் குமாஸ்தா வேலை. நாற்பதைத் தாண்டியும் வாயை மூடத் தெரியாதவன் என்று ஆபீஸிலும் வீட்டிலும் பெயர் வாங்கியிருந்தேன்.

பலசரக்குக் கடை வைத்திருந்த என் மாமனார், படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். படுத்தே கிடந்ததில் முதுகில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆயா மீதியை வாளியில் ஊற்றிவிட்டுப் போவாள். காய்ச்சல் இருக்கிறதா என்று தினமும் கேட்ட நாங்கள், எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மெலிந்த விரலிலிருந்து மோதிரம் தானாகக் கழன்று போர்வைக்குள் கிடந்த அன்றைக்குத்தான் என் மனைவி அழுதாள்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மருந்துல குறையில்ல. உடம்புல சத்து இல்ல. புண்ணு எத வச்சு ஆறும்? பாலும் முட்டையும் எழுதிருக்கேன். ஸ்பூன்ல கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. நாளைக்குக் காலையிலயும் இறங்கலேன்னா மூக்கு வழியா குழாய்தான். அத இந்த வயசுல தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

உடனே பால் வந்தது. கயத்தாற்றிலிருந்து மைத்துனன் வந்திருந்தான். முதல் ஸ்பூனை மகளான என் மனைவி ஊட்டினாள், அடுத்ததை மகனான மைத்துனன். மூன்றாவது என் கைக்கு வந்தது. எல்லார் முகமும் இறுகியிருந்ததால், சிரிக்க வைப்பது என் பொறுப்பு என்று நினைத்துவிட்டேன்.

"மருமவன் கையாலயும் ஒரு வாய் வாங்கிக்கிடுங்க மாமா. பொறவு ஒரு பய குறை சொல்லப்படாது."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாயிலிருந்த பாலைத் துப்பிவிட்டுப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டார்.

உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்குத்தான் சொந்தங்கள் இப்படி வரிசையில் நின்று வாயில் பால் ஊற்றும். அதை அப்படியே நடத்திக் காட்டியிருந்தோம். வசனம் மட்டும் என்னுடையது.

அதன்பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. ஸ்பூன் உதட்டருகில் வந்தாலே தலை சுவர்ப்பக்கம் திரும்பியது. சாயங்காலம் நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ், எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

"செத்த நேரம் அந்த வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கப்படாதா? அய்யா உசுரோட இருக்கையிலயே பால் ஊத்திட்டியளே" என்றாள் மனைவி.

ஸ்பூனைக் கழுவி வைக்க எழுந்து போனேன்.

மறுநாள் காலை, வெந்நீரில் கொதிக்க வைத்த குழாயைத் தட்டில் மூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். ஸ்பூன் எடுக்கவில்லை. பாலில் முட்டை அடித்து, டம்ளரில் ஆற்றி எடுத்துப் போனேன்.

"மாமா, நேத்து நான் சொன்னது கேலி. இது டாக்டரு எழுதுன மருந்து."

தலையை என் பக்கம் திருப்பினார். "அப்படின்னா நீரு குடியும்."

பச்சை முட்டை வாடை என்றாலே எனக்குக் குமட்டும். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரப் பாதி டம்ளரை விழுங்கினேன். சாகிறவனுக்கு ஊற்றுகிற பாலில் யாரும் பங்குக்கு வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"தாரும்" என்றார்.

தலையைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு மடக்கு. நிறுத்தினார். இன்னொரு மடக்கு. டம்ளர் காலியானபோது டாக்டர் கட்டிலருகில் நின்றிருந்தார்.

"எவ்வளவு குடிச்சார்?"

"பாதி."

"மீதி?"

"நான்."

டாக்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "மத்தியானம் வரைக்கும் பாப்போம்" என்றவர், நர்ஸிடம் குழாய்த் தட்டை எடுத்துப் போகச் சொன்னார்.

மாமனார் கண்ணை மூடியபடி சொன்னார்: "மாப்ள, வாடை அடிக்கி. அடுத்ததுக்குச் சுக்கு தட்டிப் போடச் சொல்லும்."

'அடுத்ததுக்கு' என்றாரே, அதைச் சொல்லத்தான் வெளியே மனைவியிடம் ஓடினேன்.