என் படத்துக்கு மூன்று முழம்

போன வெள்ளிக்கிழமை மலாக்காவில், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துப் பூக்கடையில், ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் பூக்கட்டும் அம்மாளுக்கு முழங்கால் வலியாம். மல்லிகை மூன்று முழம் கேட்டேன்.

"சாமிக்கா தாத்தா?"

"இல்லம்மா, படத்துக்கு."

"ஓ..." குரலை இறக்கிக்கொண்டாள். "பாட்டி படமா?"

"என் படம்."

அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. மேசைக்கு மேல் எட்டி என் காலைப் பார்த்தாள். தரையில்தான் இருந்தது. பூவைப் பொட்டலம் கட்டி, என் விரல் படாமல் கொடுத்தாள், பாவம். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள், இது நாலு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமா? உங்களுக்காவது சொல்கிறேன்.

மல்லிகைப் பொட்டலம் மடியில் இருந்தால் எனக்கு சைக்கிள் ஞாபகம்தான் வரும். அந்தக் காலத்தில் இதே தெருவில் மாலை வாங்கி, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, எங்கள் தெரு இருந்த காஜா பெராங்வரை மணியடித்தபடி மிதித்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனத்தை நோக்கி அவ்வளவு உற்சாகமாகப் போனேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று நாலு வருடம் இருக்கும். நானும் பக்கத்து வீட்டுத் தங்கராஜுவும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகவே பட்டாளத்தில் சேரவும் போனோம். அவனை எடுத்துக்கொண்டார்கள். என் மார்பை அளந்தவர் நாடாவைச் சந்தேகப்பட்டு இரண்டாவது தடவை அளந்தார், பிறகு என்னைச் சந்தேகப்பட்டார். அவன் சிப்பாய் ஆனான், நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்படிக்கப் போனேன். தங்கராஜுவுக்குக் கல்யாணமான நாலாவது மாதம் அவனைக் காங்கோவுக்கு அனுப்பினார்கள். அங்கே சண்டையாம், அமைதி காக்க நம் ஆட்களும் போகிறார்களாம். காங்கோ எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூட வரைபடத்தில் தேடி, விரலை வைத்தபோது தங்கராஜுவின் மனைவி சரோஜா கேட்டாள்: "இங்கேருந்து அங்க ஒரு சாண்தானே அண்ணே?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

எங்கள் தெருவில் எதற்கும் குழு அமைக்கிறவர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் வேலை, ஆகவே டிரசர் ஐயா. சாக்கடை அடைத்தால் குழு, பூனை தொலைந்தால் குழு. தங்கராஜு கப்பல் ஏறிய வாரமே 'கடல் கடந்த வீரர் நன்றிக் குழு' பிறந்துவிட்டது. அவர் தலைவர், நான் செயலாளர். முதல் வேலையாக ஒரு பார்சல் அனுப்பினோம். வீட்டுக்கு ஒரு பொருள் கொடுங்கள் என்று கேட்டதில், எல்லா வீட்டிலிருந்தும் மாங்காய் ஊறுகாய் வந்தது. மாற்றிக் கொடுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பெட்டி நிறைய ஊறுகாயாகவே போனது.

பார்சல் போன பிறகு கடிதம் வருவது நின்றுவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தது, ஒரு மாதமாக இல்லை, பிறகு இரண்டு மாதமாக இல்லை. தபால்காரர் மணி கேட்டால் சரோஜா வாசலுக்கு வருவாள், அவர் தாண்டிப் போனதும் துடைப்பத்தை எடுத்து, பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குவாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

டிரசர் ஐயாவுக்கும் தாங்கவில்லை. "தம்பி, அந்தப் பிள்ளைக்குத் தெம்பு வரணும். தங்கராஜுவுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்துருவோம்."

"ஆளே இல்லையே ஐயா?"

"ஆளு இல்லாட்டி என்னா? படம் இருக்குல்ல."

படம் இருந்தது. கிளம்புமுன் ஸ்டூடியோவில் எடுத்தது, ராணுவ உடுப்பில் விறைப்பாக நிற்கிறான், பின்னால் திரையில் அன்னங்கள் நீந்துகின்றன. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். பூப்பந்து விளையாடுகிற மைதானத்தில் மேடை கட்டி, சிறப்பு விருந்தினர் நாற்காலியில் அந்தப் படத்தை உட்கார வைத்தோம். விழா என்றால் குத்துவிளக்கு வேண்டும், பக்கத்தில் ஏற்றினோம். சாயங்காலம் கொசு பிடுங்கும் என்று தேங்காய் மட்டையில் சாம்பிராணி போட்டுப் புகை மூட்டினேன். அது என் சொந்த யோசனை. சிறப்பு விருந்தினருக்கு மாலை போடுவது நம் வழக்கம், இல்லையா? ஐயா கேட்டார்: "மாலை இல்லாம பாராட்டா? சட்னி இல்லாம தோசை திங்கச் சொல்றியா?"

நான்தான் போட்டேன். கைதட்டினார்கள். திரும்பி முன்வரிசையைப் பார்த்தேன். சரோஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்வை போன வழியே நானும் பார்த்தேன். படம், மாலை, விளக்கு, சாம்பிராணிப் புகை. உயிரோடிருக்கிறவன் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? இத்தனை பேர் கூடி, இத்தனை கூட்டம் போட்டு, ஒருவருக்கும் இது தோன்றவில்லையே!

அந்த நேரம் பார்த்து ஐயா, "எல்லாரும் எழுந்து நில்லுங்க, தேசிய கீதம்" என்றார். எழுந்தோம். இசைத்தட்டு சுழன்றது, சத்தம் வரவில்லை. ஒருவன் ஊசியைத் தட்டிக்கொண்டிருந்தான். எதிர்வெயில் கண்ணைக் குத்தியதால் எல்லோரும் தலையைக் குனிந்து, மௌனமாக, நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். மைக்கைக் கண்டாலே ஐயாவுக்குக் கண் கலங்கும். அவர் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

குருபோங் தோட்டத்திலிருந்து தங்கராஜுவின் அத்தை பஸ் பிடித்து வந்து இறங்கியது அப்போதுதான். சாலையிலிருந்து அவர் பார்த்த காட்சியை யோசித்துப் பாருங்கள். பலகாரத் தூக்கு கீழே விழுந்த சத்தம் முதலில் கேட்டது.

"ஐயோ... என் ராசா! என்னப் பெத்த ராசா!"

மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்வரிசைப் பெண்கள், இவருக்கு ஏதோ தந்தி வந்திருக்கிறது போல என்று நினைத்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து நடுவரிசை அழுதது. எதிரே காப்பிக்கடை ஆ செங் மரியாதைக்காகக் கடையைப் பாதி அடைத்தார். கொடுமை என்னவென்றால், அழைப்பிதழை டைப்படித்தவன் நான், எனக்கும் அழுகை வந்தது. ஊசி சரியாகி தேசிய கீதம் முழங்கியபோது மைதானமே ஒப்பாரியில் இருந்தது.

மறுநாள் ஊர் முழுக்கச் செய்தி. இல்லை என்று சொல்லச் சொல்ல, "மனசைத் தேத்திக்கப்பா" என்றார்கள். என் வக்கீல் முதலாளி நண்பனை இழந்ததற்காக அரைநாள் விடுப்பு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அரைநாளில்தான் சரோஜா வீட்டுக்குப் போனேன். படம் சுவரில் இருந்தது, மாலையோடு.

"கழட்டிடறேன் தங்கச்சி. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"தொடாதீங்கண்ணே." அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மாலை கெடந்தா அவரு செத்தவரு. கழட்டினா, தாலியக் கழட்டற மாதிரி இருக்கு. வாடவிடவும் மனசு வரல, காலையில புதுப்பூ வாங்கியாரச் சொல்லி அதுமேலயே போட்டேன். நான் என்னதான் செய்யட்டும், சொல்லுங்க."

விழா முடிந்ததிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று பிபிக் சொன்னார். பிபிக் தெருமுனையில் இருந்த மலாக்கா செட்டிக் குடும்பத்து அம்மாள். அவர்களுக்கு நம் சாமிதான், நம் பூசைதான், பேச்சு மட்டும் மலாய். கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"செமுவா காம்பார் தாரோ மாலை. ஹந்து புன் பெனிங்."

எல்லாப் படத்துக்கும் மாலை போடு, பேய்க்கே தலை சுற்றும். இதுதான் அர்த்தம். சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் படத்தைக் கொண்டுவந்து, தங்கராஜு படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, கொண்டையிலிருந்த பூவை அவிழ்த்து அதில் போட்டார். "நானும் செத்துட்டேனா, பாரு" என்று மலாயில் கேட்டு, கஞ்சியை நீட்டினார். சரோஜா சிரித்துவிட்டாள். கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான், குழு கூடியது. தெருவில் உயிரோடிருக்கிற அத்தனை பேரும் அவரவர் வீட்டு வாசலில், வெளியே தெரியும்படி, தத்தம் படத்தை மாட்டி மாலை போட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். படம் இல்லாதவர்கள் ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். என்னிடம் இருந்தது பட்டாள விண்ணப்பத்துக்கு எடுத்த சின்னப் படம்தான். மாலை போட்டதும் மூக்கு மட்டும் தெரிந்தது. ஐயா மாலை போட்ட தன் படத்தைப் பார்த்து, தன்னை நினைத்துத் தானே கண் கலங்கினார். சீனர்களுக்கும் இது ஆகாத காரியம், ஆனாலும் ஆ செங் தன் படத்தைக் கல்லாவுக்கு மேல் மாட்டினார். அவர் அம்மா மரக்கட்டைச் செருப்பை வீசியடித்தார். "காவான் புன்யா பாசால்" என்றார் ஆ செங், நெற்றியைத் தடவிக்கொண்டு. நண்பனுக்காகச் செய்வது, என்ன செய்ய?

பத்து நாள் கழித்து, புதிதாக மாற்றலாகி வந்த மலாய்க்காரத் தபால்காரர் தெருவுக்குள் வந்தார். முதல் வீட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். இரண்டாம் வீட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். ஐந்தாம் வீட்டருகில் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார். என்னைக் கண்டதும் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, இங்கே ஏதாவது தொற்றுநோயா என்று கேட்டார். பிறகு நிமிர்ந்து சுவரிலிருந்த என் மூக்கைப் பார்த்தார், எதிரே நின்ற என் மூக்கைப் பார்த்தார். கையிலிருந்ததை என்னிடம் எறிந்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

மூன்று கடிதம். மூன்றும் தங்கராஜு எழுத்து. எங்கேயோ தேங்கிக் கிடந்து ஒன்றாக வந்திருக்கின்றன. சரோஜா வீட்டுக்கு ஓடினேன், வேட்டி தடுக்கி ஒரு தடவை விழுந்தேன். அவள் கடிதங்களை என்னிடமே திருப்பி நீட்டினாள், நானே படித்தேன். 'ஊறுகாய் வந்தது. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர் ஜாம் என்று ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான் நலம். நம் தெருவில் எல்லோரும் நலமா?' அந்த இடத்தில் சரோஜா வாய்விட்டு அழுதாள். நானும்தான். இரண்டு மாத அழுகை அது, வரட்டும் என்று விட்டேன்.

தங்கராஜு திரும்பும்வரை மாலையைக் கழற்றுவதில்லை, இதை அவனுக்கு எழுதுவதுமில்லை என்று குழு முடிவு செய்திருந்தது. மறுவருடம் அவன் வந்து சேரப்போவது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மூட்டையோடு தெருவுக்குள் நுழைந்தவன், வீடு வீடாக மாலை போட்ட படங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். பிபிக், ஐயா, ஆ செங், நான். காங்கோவில் தப்பித்து வந்தவன் எங்கள் வாசலில் முட்டிபோட்டு, "எல்லாரும் போயிட்டீங்களாடா!" என்று கத்தினான். கதவைத் திறந்து நான் வெளியே வந்ததும் என்னை அறைந்தான். பிறகு கட்டிக்கொண்டான்.

சரோஜா அந்த மாலையைக் கழற்றவிடவில்லை. அதுதானே இவரைக் காப்பாற்றியது என்றாள். ஆகவே நாங்களும் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் புதுப்பூ. இப்படியே எங்கள் தெருவில் வழக்கம் தலைகீழாகிவிட்டது, உயிரோடிருந்தால் மாலை, ஆள் போனால் கழற்றிவிடுவோம். முதலில் ஐயா. வெளியூரிலிருந்து வந்தவர்கள், மாலை போடக்கூட நாதியில்லையா என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு பிபிக், பிறகு ஆ செங். வீடுகளும் போய்விட்டன, அந்த மைதானத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். பிள்ளைகள் ஆயர் குரோ பக்கம் குடிபோனார்கள்.

தங்கராஜு எண்பது தாண்டி, தூக்கத்தில் போனான். எல்லாம் முடிந்து வந்த பிறகு சரோஜா நாற்காலி போட்டு ஏறப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன். "இப்ப கழட்டலாம்ணே" என்றாள். கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் கழித்து அவள் படத்திலிருந்து நான் கழற்றினேன்.

இப்போது மிச்சம் என் மூக்கு மட்டும்தான். வருகிறவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பதால் மருமகளுக்குச் சங்கடம். இந்த வழக்கம் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவருமில்லை. மகனிடம் சொல்லிவைக்கலாம் என்று பலதடவை நினைத்தேன், சொல்லவில்லை. நான் போனால், ஊர் வழக்கப்படி அவன் பெரிய மாலையாக வாங்கி அந்தப் படத்துக்குப் போடுவான். எங்கள் தெருச் சட்டப்படி, கழற்ற ஆளில்லாமல், நான் உயிரோடுதான் இருப்பேன்.