புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவள்

ப்ரென்னா ஓல்ட்மனை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ தங்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டு நீங்கள் படிக்க வேண்டாம்.

செப்டம்பர் மாதம், மக்காச்சோளம் அறுக்கிற நேரம். எங்கள் வடக்கு மிசௌரியில் அந்த மாதம் முழுக்கக் காற்றில் பொன்னிறத் தூசி மிதந்துகொண்டே இருக்கும். காலையில் கிளினிக்கைத் திறக்கப் போனால் கட்டடம் பாதி கரைந்து, பாதி நிற்கிற மாதிரி தெரியும். அந்தத் தூசிக்குள்ளிருந்து ஒரு பழைய நீலக் கார் வந்து நின்றது. பின்சீட்டில் தலையணை, போர்வை, இஸ்திரிப் பெட்டி, ஒரு பெட்டி புத்தகம். இறங்கியவள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள். உள்ளே வராமல் எங்கள் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வரப் போறியா, இல்ல பலகைய மனப்பாடம் பண்றியா?" என்றேன்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். எந்த ஊருக்கு வந்திருக்கேன்னு ஒரு தடவ படிச்சுப் பார்த்தேன். ஜூலைல மிச்சிகன், ஆகஸ்ட்ல ஒக்லஹோமா. காலைல கண்ண முழிச்சா எந்த மாநிலம்னே தெரிய மாட்டேங்குது."

என் பெயர் லோரெட்டா கெஸ்ஸிங்கர். தோல் மருத்துவர் விட்காம்பிடம் இருபத்து நான்கு வருஷமாக உதவியாளர். தட்டு அடுக்குவது, புட்டி எடுத்து வைப்பது, லேபிள் ஒட்டுவது, ரத்தம் பார்த்து மயங்கி விழுகிற விவசாயிகளைப் பிடித்துக்கொள்வது எல்லாம் நான்தான். கையால் தொட்டுப் பிடித்தும் வைத்தியம் பார்க்கக் கற்றுத்தருகிற ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் எங்களிடம் ஆளுக்கு ஒரு மாதம் வந்து வேலை செய்துவிட்டுப் போவார்கள். பேச்சுக்குத்தான் பயிற்சி. உண்மையில் பெண் பார்க்கிற மாதிரிதான், இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே எடை போடுவோம். படிப்பு முடிந்தபின் சேருகிற தோல் மருத்துவப் பயிற்சிக்கு எங்களிடம் வருஷத்துக்கு ஒரே ஓர் இடம். அதற்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்.

பிப்ரவரியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, டாக்டர் அந்த வருஷம் வந்துபோன பிள்ளைகளின் படங்களை மேசைமேல் பரப்புவார். என் கையில் ஒரு கறுப்புப் பேனாவைக் கொடுப்பார். "என் முன்னாடி எல்லாரும் நல்லவங்கதான் லோரெட்டா. உன் முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது," என்பார். நான் எந்தப் படத்தின் மேல் கோடு போட்டாலும் அவர் காரணம் கேட்க மாட்டார். பதினொரு வருஷத்தில் நான்கு பேரைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். அதில் ஒருத்தன் வரவேற்பில் இருக்கிற பெண்ணை விரல் சொடுக்கிக் கூப்பிட்டவன். புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே பயிற்சியில் இருப்பவர்கள் இந்தப் பேனாக் கதையை முதல் நாளே ஓதிவிடுவார்கள்: "டாக்டர் கோபிச்சா மறந்துடுவார். லோரெட்டா கோபிச்சா மூட்டையக் கட்டிட வேண்டியதுதான்." இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, நிறையவே.

இந்தப் பெண்ணோ எதைக் கண்டாலும் நின்றுவிடுவாள். மருவைக் குளிரில் பொசுக்கத் திரவ நைட்ரஜனை ஊற்றினால் கோப்பையின் விளிம்பிலிருந்து வெண்புகை வழிந்து தரையில் ஓடும். நாங்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம். அவள் புகை கலையும் வரைக்கும் பார்ப்பாள். டிராக்டரிலும் டிரக்கிலும் ஆயுள் முழுக்க ஜன்னலில் இடது கையை வைத்தே ஓட்டிய கிழவர்கள் வருவார்களே, அவர்களுடைய வெயிலில் கன்றிய அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள்.

"என்னம்மா தெரியுது அங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆறு மாதிரி இருக்கு மேடம். இங்க பிரியுது பாருங்க. இந்தப் பக்கம் வெயில் படாத நிலம்."

"சரி, நீ ஆத்துல குளிச்சுட்டு வா. வெளிய ஒம்போது பேர் உக்காந்திருக்காங்க."

கோபித்துக்கொள்ள மாட்டாள். சிரித்துவிட்டு எழுந்து வருவாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவள் கை பட்டால் ஜனங்கள் அடங்கிப்போனார்கள். ஊசி என்றாலே கத்துகிற ஆட்களின் பிடரிக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். அவர்கள் கண் சொருகிவிடும். ஒருநாள் என் தோளையும் பிடித்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தூசி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வரவேற்புப் பெண் வந்து எழுப்பினாள் என்று சொல்வதெல்லாம் சுத்தப் பொய்.

மாதக் கடைசியில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மதியத்தில் பின்னறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். ஒருநாள் பன்றிக்கறி சாண்ட்விச்சில் பாதியை அவள் முன்னால் தள்ளிவிட்டு, ஏன் தோல் மருத்துவம் என்று கேட்டேன். அவளுடைய அப்பா இறைச்சி ஆலையில் வேலை பார்த்தவராம். ஈரத்திலும் உப்பிலும் ஊறிக் கை முழுக்க வெடித்துக் கிடக்குமாம். சர்ச்சில் விருந்து நடந்தால் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடுவாராம்.

"இத எழுதினியா?"

"எழுதி அழிச்சுட்டேன் மேடம். அப்பாவோட கைய வித்து சீட்டு வாங்குற மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் என்னத்த எழுதின?"

"இந்த ஊர்ல இருக்கணும்னு ஆசையா இருக்குன்னு எழுதினேன். நெசமாவே மேடம், இப்பல்லாம் கனவுல கூட வேற ஊரு வர்றதில்ல. நான் பாட்டுக்கு இங்க இருக்கேன், நீங்க என்னத் திட்டிக்கிட்டே இருக்கீங்க."

அன்றைக்கு அவளை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. அதே வாரம் எல்லாம் கெட்டது.

ஆர்லோ ப்ரூயட் என்று எண்பது வயது விவசாயி. மூக்கு நுனியில் ஒன்று, இடது நெற்றிப்பொட்டில் ஒன்று என்று இரண்டு சந்தேகமான புள்ளிகள். டாக்டர் இரண்டிலும் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். பரிசோதனைக்கு அனுப்பும் புட்டியில் முதலில் லேபிள் ஒட்ட வேண்டும், நோயாளிக்குக் கேட்கும்படி படிக்க வேண்டும், பிறகுதான் சதையைப் போட வேண்டும். இந்த விதியை எத்தனை பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அவசரம். இரண்டு சீவலையும் போட்டுவிட்டு, விரலில் ஒட்டி வைத்திருந்த லேபிள்களைக் கடைசியில் ஒட்டினேன்.

பின்னறையில் ப்ரென்னா ஒரு புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதென்ன மீன் தொட்டியா? வை கீழ."

"மேடம், இதுல மூக்குன்னு ஒட்டியிருக்கு. உள்ள ரெண்டு நரைமுடி இருக்கே."

"அதுக்கு?"

"ஆர்லோ ஐயா மூக்கு நுனியில முடி கிடையாது. நெத்திப்பொட்டுலதான் இருந்துச்சு. மாறியிருக்குமோன்னு..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே நான் லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தவ. ஒரு மாசம் இருந்துட்டுப் போறவ எனக்குப் பாடம் எடுக்காத."

அவள் முகம் வெளுத்துவிட்டது. பேனா யார் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? "தயவுசெஞ்சு ஒரு தடவ பாருங்க மேடம்," என்றாள். நான் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தட்டைக் கழுவினேன். கொஞ்ச நேரம் அவள் அங்கேயே நின்றாள். பிறகு புட்டிகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டாள்.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். சீட்டில் எழுதினார், லேபிளை மாற்றினார், ஆர்லோவிடமும் ஒளிக்காமல் சொன்னார். ஆர்லோ கிழவர், "மூக்க வெட்ட வந்த எடத்துல காத வெட்டாம விட்டீங்களே, அதுவே பெரிசு," என்று சிரித்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. மூக்கில் புற்றுநோய். நெற்றிப்பொட்டில் ஒன்றுமில்லை. என் லேபிள்படி போயிருந்தால் நல்ல சதையை வெட்டிவிட்டு, கெட்டதை அவர் முகத்திலேயே விட்டிருப்போம். வெட்கம் வந்தால் சிலர் அழுவார்கள். எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தையெல்லாம் அவள்மேல் போட்டேன். மிச்சமிருந்த நாட்களில் அவளோடு பேசவே இல்லை. தினம் காலையில், "குட் மார்னிங் மேடம்," என்பாள். நான் புட்டிகளை எண்ணுவேன். கடைசி நாள் அவள் கார் கிளம்பித் தூசிக்குள் போய் மறைகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தேன். கையாட்டவில்லை.

டிசம்பரில் நேர்காணல், கம்ப்யூட்டர் திரையில். டாக்டருக்குக் காபி கொண்டு போனபோது திரையில் அவள் இருந்தாள். எந்த ஊரோ, எந்த அறையோ, பின்னால் வெறும் சுவர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றாள். கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிப்ரவரியில் அவள் படத்தின்மேல் எப்படிக் கோடு போடுவது, குறுக்காகவா நீளமாகவா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவு சின்னப் புத்தி.

ஜனவரியில் ஆர்லோ மூக்கைக் காட்ட வந்தார். வெட்டித் தைத்த இடம் ஆறி, ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். அவர் முகத்தைத் துடைக்கும்போது என் கை நெற்றிப்பொட்டில் நின்றுவிட்டது. ஒரு கீறல் இல்லாத தோல். இரண்டு நரைமுடி மறுபடி முளைத்திருந்தது.

"அந்தக் கனாக் காணுற பொண்ணு எங்க போயிடுச்சு?" என்று கேட்டார். "திரும்ப வருமா?"

"தெரியல ஆர்லோ," என்றேன்.

பிப்ரவரியில் டாக்டர் படங்களைப் பரப்பினார். பேனாவைக் கொடுத்தார். நான் அதைத் திறக்காமல் மேசைமேல் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்திருந்த எல்லோர் முன்னாலும் சொன்னேன். லேபிளை மாற்றி ஒட்டியது நான், பார்க்கச் சொன்னபோது பார்க்காததும் நான். "இந்தப் பேனா என் கையில இருக்குன்னு தெரிஞ்சும் அவ உங்ககிட்ட வந்தா டாக்டர். நம்ம ஊர் ஆளுங்க மூஞ்சில கத்தி வைக்க எனக்கு அவதான் வேணும்." டாக்டர் அவள் படத்தை எடுத்து முதலில் வைத்தார்.

போன் பண்ணிச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். மார்ச் வரை ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் பிள்ளைகளை வரிசைப்படுத்துவதுபோல அவர்களும் ஊர்களை வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். இரண்டு பட்டியலையும் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் யாருக்கு எங்கே என்று சொல்லும். ஆசைப்பட்ட வரிசையில் எழுது, எது கிடைக்கும் என்று கணக்குப் போட்டு எழுதாதே என்று கல்லூரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவார்கள். ஆசை இங்கேதான் என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாளே. அந்தத் தைரியத்தில் கோட்டு மாட்டுகிற ஆணிக்கு மேலே அவள் பெயரை எழுதி ஒட்டினேன். முடிவு வருகிற வெள்ளிக்கிழமைக்குச் செர்ரிப் பழம் அடைத்து இனிப்புப் பணியாரம் சுட்டு எடுத்துப் போனேன்.

டாக்டர் திரையைத் திறந்து பெயரைப் படித்தார். வேறொரு பையனின் பெயர். எல்லோரும் பழக்கத்தில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டால் அவள் மிச்சிகனுக்குப் போகிறாள் என்றார்கள்.

திங்கட்கிழமை போன் செய்தேன்.

"லோரெட்டா மேடமா?" அவளால் நம்ப முடியவில்லை.

"மிச்சிகனாமே. சந்தோஷம்."

"ஆமா மேடம். நல்ல எடம்."

"எங்கள எத்தனாவதா போட்ட?"

"மூணாவதா."

"ஏண்டி? நாங்க உன்ன முதல்ல போட்டிருந்தோம்."



"நீங்க என் படத்த அடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "அடிச்ச எடத்த முதல்ல எழுதி என்ன பண்றதுன்னு..."

"அடிக்கல. நான்தான் உனக்காகப் பேசினேன்."

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "தினம் குட் மார்னிங் சொன்னேனே. ஒரே ஒரு நாள் நீங்க திருப்பிச் சொல்லியிருந்தா, உங்களத்தான் முதல்ல எழுதியிருப்பேன்."